ஊட்டியில் ஆட்கள் குறைகிறார்களா, கூடுகிறார்களா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். 2011 கணக்கெடுப்பில் ஊட்டியின் மக்கள்தொகை அதற்கு முந்தைய கணக்கைவிடக் குறைந்துவிட்டதாகப் படித்திருக்கிறீர்கள். ஆனால் மேலே வரும்போதெல்லாம் கூட்டமும் கட்டடமும் கூடிக்கொண்டே போவதைத்தான் பார்க்கிறீர்கள். ஆகவே கணக்கு தவறா, உங்கள் கண் தவறா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் இடத்தை விற்றுவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்களா என்றும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறீர்கள். கணக்கும் சரி, கண்ணும் சரி. இரண்டும் எண்ணுவது வெவ்வேறு ஆட்களை. நீளமான பதில் தேவைப்படுவது அந்தக் கடைசி வரிக்குத்தான்.

நான் இதே மலையில் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கணக்கெடுப்புக்குப் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களைத்தான் அனுப்புவார்கள் என்பதால் 1991லும் 2001லும் கணக்கெடுப்பாளராகவும், 2011ல் ஆறு கணக்கெடுப்பாளர்களுக்கு மேற்பார்வையாளராகவும் படியேறி இறங்கியிருக்கிறேன். மக்கள்தொகையியல் படித்தவன் அல்லன். எனவே கீழே சொல்வதில் அச்சிட்ட கணக்கு எது, என் ஊகம் எது என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. ஊட்டி நகராட்சியில் 1901ல் ஏறத்தாழ 18,600 பேர் இருந்தார்கள். 1951ல் அது 41,000 அளவுக்கும், 1981ல் 78,000 அளவுக்கும் உயர்ந்தது. 2001ல் 94,000க்குச் சற்றுக் குறைவாக நின்ற எண், 2011ல் 88,430 ஆக இறங்கியது. குன்னூரிலும் அப்படியே, சுமார் 50,000 என்றிருந்தது 45,494 ஆனது. நகரத்தில் இடமில்லாமல் மக்கள் அக்கம்பக்கத்துப் பேரூராட்சிகளுக்குக் குடிபெயர்ந்திருப்பார்கள் என்று ஒருவர் வாதிடலாம். கேத்திப் பக்கம் எழும்பியிருக்கும் வீடுகளைப் பார்த்தால் அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் நீலகிரி மாவட்டம் முழுவதுமே 7,62,141இலிருந்து 7,35,394ஆகக் குறைந்திருக்கிறது. அதே பத்தாண்டில் தமிழ்நாடு 15.6 விழுக்காடு வளர்ந்தது. மாநிலத்தில் எண்ணிக்கை இறங்கிய மாவட்டம் நீலகிரி ஒன்றுதான். நகரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்ந்ததால் மட்டும் மாவட்டக் கணக்கு இறங்காது. ஆட்கள் மலையைவிட்டே இறங்கியிருக்கிறார்கள் என்பது இதிலிருந்து உறுதி.

எத்தனை பேர் இறங்கினார்கள் என்பதற்கு நேரடிக் கணக்கு கிடையாது. கணக்கெடுப்பு வந்தவரிடம்தான் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கும், போனவரைக் கேட்க அவர் அங்கே இருக்கமாட்டார். ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஐந்து பேராவது கூடியிருப்பார்கள் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். பத்தாண்டில் அது சுமார் 38,000. அவ்வளவு கூடியிருக்க வேண்டிய இடத்தில் 26,747 குறைந்திருக்கிறதென்றால், வந்தவர்களைக் கழித்தது போக ஏறக்குறைய 65,000 பேர் வெளியேறியிருக்க வேண்டும். ஆயிரத்துக்கு ஐந்து என்பது என் ஊகம். அதை மாற்றினால் விடையும் மாறும். ஆனால் எப்படி மாற்றினாலும், அச்சிட்ட 26,747 என்ற குறைவைவிட உண்மையான வெளியேற்றம் பெரிது என்பது மாறாது.

யார் போனார்கள் என்பதற்கு மூன்று காரணங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது தேயிலை. இந்த மாவட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று தேயிலை வைத்திருக்கிறார்கள். 1998 வாக்கில் பச்சைத் தேயிலை கிலோ பத்து ரூபாய்க்கு மேல் போனது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அது ஐந்து ரூபாய்க்கும் கீழே விழுந்தபோது, பறிப்புக் கூலி கொடுத்தால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. அந்த ஆண்டுகளில் என் வகுப்பில் இருந்த பையன்களில் பலர் பிளஸ் டூ முடித்த கையோடு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோவைப் பட்டறைகளுக்கும் பஸ் ஏறினார்கள். இரண்டாவது இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். ஆயிரக்கணக்கானோருக்கு மாதச் சம்பளமும் குவார்ட்டர்ஸும் கொடுத்த அந்தப் பொதுத்துறை ஆலை 1990களில் நலிந்து, விருப்ப ஓய்வு விருப்ப ஓய்வென்று ஆட்களைக் கரைத்து, 2010களில் கதவடைத்தது. இன்றும் இந்துநகர் என்ற பெயர் அதன் பிலிம் சுருளின் பெயரால்தான் நிற்கிறது. குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் இல்லை. மூன்றாவது காரணம் துயரமானதன்று, ஆனால் மற்ற இரண்டையும்விட வலுவானது என்று நினைக்கிறேன். இங்கே பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். படித்த படிப்புக்கான வேலை மலையில் இல்லை.

படகர் என்ற மலைச் சமூகத்தாரின் ஹட்டிகளில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஹட்டி என்றால் அவர்களுடைய ஊர். தோளோடு தோள் ஒட்டிய வரிசை வீடுகள், எதிரே பொது முற்றம், சுற்றிலும் தேயிலை. சாதாரண நாளில் மாலை நான்கு மணிக்குப் போனால் முற்றத்து வெயிலில் முண்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஐந்தாறு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பல வீடுகளின் கதவில் பூட்டு தொங்கும். அதே ஹட்டிக்கு ஹெத்தை அம்மன் பண்டிகை நாளில் போனால் கார் நிறுத்த இடமிருக்காது. கோவை, காரமடை, மேட்டுப்பாளையம், பெங்களூர் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் வெள்ளை உடுத்தி வந்து நிற்பார்கள். அவர்களைக் கேட்டால் யாரும் ஊரைவிட்டுப் போனதாகச் சொல்லமாட்டார்கள். நிலம் இருக்கிறது, வீடு இருக்கிறது, குலதெய்வம் இருக்கிறது, ஓட்டுகூடச் சிலருக்கு இங்கேதான் இருக்கிறது. கணக்கெடுப்புப் படிவத்தில் மட்டும் அவர்கள் கோவைக்காரர்கள். ஆகவே 'விற்றுவிட்டுப் போய்விட்டார்களா' என்ற உங்கள் வரிக்கு என் பதில், போயிருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலோர் விற்கவில்லை என்பதுதான். நகரத்துக்குள் பழைய பங்களா மனைகள் கைமாறியது வேறு கதை. அதை ஹட்டிகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

போனவர்களின் தடயம் எண்களிலும் இருக்கிறது. 2011ல் ஊட்டி நகரத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,053 பெண்கள். மாவட்டத்தில் 1,042, மாநிலத்திலேயே அதுதான் உயர்ந்த விகிதம். இதைப் பெண்களுக்குக் கிடைத்த மதிப்பின் அடையாளமாகச் சிலர் மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் வேலைக்குப் போன ஆண்கள் கழிந்ததும், வயதான பெண்கள் தனித்து மிஞ்சியதும் அந்த எண்ணுக்குள் எவ்வளவு என்பதை அந்த ஒற்றை எண்ணே பிரித்துச் சொல்லாது. இன்னொன்று, ஆறு வயது வரையிலான குழந்தைகள். ஊட்டியில் 7,781 பேர், அதாவது நூற்றுக்கு ஒன்பதுக்கும் குறைவு; தமிழ்நாட்டில் அது பத்துக்கு மேல். பிள்ளை பெறும் வயதினர் வெளியேறியதும், இருப்பவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டதும் இதில் கலந்திருக்கின்றன. ஆசிரியனாக நான் இதை வேறு விதமாக அறிந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆறாம் வகுப்புக்கு மூன்று பிரிவுகள்; ஓய்வு பெற்றபோது ஒரே பிரிவு, அதிலும் கடைசி இரண்டு பெஞ்சுகள் காலி.

இனி உங்கள் கண்ணில் பட்ட கூட்டத்துக்கு வருகிறேன். கணக்கெடுப்பு நடப்பது பிப்ரவரியில். 2011ல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போனோம். அந்த இருபது நாளில் எப்போதாவது தன் வழக்கமான வீட்டில் இருந்தவர் அங்கேயே எண்ணப்படுவார். ஓட்டலில் அறை எடுத்தவர் அவருடைய ஊர்க் கணக்கில்தான் சேர்வார். மேலும் பிப்ரவரி என்பது உறைபனி இன்னும் முழுதாக விலகாத, கடைக்காரர்கள் ஈ ஓட்டும் மாதம். நீங்கள் வருவதோ ஏப்ரல், மே மாதச் சீசனில் என்று நினைக்கிறேன். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் மேலே வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். வண்டிக்கு நான்கு பேர் என்று வைத்தால்கூட வார இறுதி நாளில் 32,000 பேர். இது மாவட்டம் முழுவதற்குமான வரம்பு. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் தாவரவியல் பூங்காவையும் ஏரியையும் பார்க்காமல் இறங்கமாட்டார்கள். 88,000 பேர் வாழும் ஊருக்குள் மூன்றில் ஒரு பங்கு கூட்டம் ஒரே நாளில் ஏறி வந்தால் சேரிங் கிராஸில் நடக்க இடமிருக்காது. அதுவும் வரம்பு வைத்த பிறகு உள்ள கணக்கு. பார்சன்ஸ் வேலி அணையின் தண்ணீரைச் சீசனில் குடியிருப்பவர்களும் வந்தவர்களும் சேர்ந்துதான் குடிக்கிறார்கள். ஊட்டியின் காந்தல் பகுதியில் குடத்தோடு காத்திருக்கும் பெண்ணிடம் போய் ஊரின் மக்கள்தொகை குறைந்திருக்கிறது என்று சொன்னால் அவர் சிரிப்பார்.

கட்டடங்களைப் பற்றிய உங்கள் கவனிப்பும் சரியே. 2011ல் என் பொறுப்பில் இருந்த ஒரு கணக்கெடுப்புத் தொகுதி, பெர்ன்ஹில்லுக்கு மேலே ஒரு சரிவில் இருந்தது. கணக்கெடுப்பாளராக வந்த இளைய ஆசிரியை முதல் நாள் மாலையே என்னிடம் வந்து, 'சார், பாதிக் கதவு திறக்கவே இல்லை' என்றார். மறுநாள் நானும் கூடப் போனேன். முப்பத்தேழு வீட்டு எண்களில் பதினான்கு பூட்டு. சென்னை, பெங்களூர், கொச்சி என்று உரிமையாளர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். ஒரு பத்து அறை மாளிகையின் பின்னால், விறகு அடுக்கிய ஒரு சிறு அறையில், வாட்ச்மேனும் அவர் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அந்த மாளிகையின் கணக்கில் ஏறியது அந்த மூன்று பேர்தான். அடுத்த வீடு காட்டேஜாக வாடகைக்கு விடப்பட்டது. அன்று அதில் ஒரு தேனிலவுத் தம்பதி தங்கியிருந்தார்கள், எங்கள் படிவத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஒரு தெருவை வைத்து ஊரையே எடைபோடக் கூடாது. காந்தலில் எண்ணியவர்களைக் கேட்டால் ஒரே அறையில் ஏழு பேரை எழுதிய கதையைச் சொல்வார்கள். ஆனால் சுவர் கூடி ஆள் குறைவது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் அந்தச் சரிவைத்தான் சொல்வது வழக்கம்.

'உள்ளூர்க்காரர்' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வி அதன்மேல்தான் நிற்கிறது. ஊட்டி என்ற நகரமே வந்தேறிகளால் உண்டானது. 1819ல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தபோது இங்கே இருந்தவை தோடர் பழங்குடியினரின் மந்துகள் என்னும் குடியிருப்புகளும் மேய்ச்சல் வெளியும்தான். அவர் 1822ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. பிறகு கோடைத் தலைநகரம் என்றானதும் சமையற்காரர், சலவைக்காரர், குதிரைக்காரர், கொத்தனார், கடை வைத்தவர் என்று கீழேயிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். ரயில் 1899ல் குன்னூருக்கும் 1908ல் ஊட்டிக்கும் வந்தது. 1950களில் கனடா உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் தொடங்கியபோது அணை கட்ட வந்தவர்களில் பலர் தங்கிவிட்டார்கள். அதன் பிறகு சிலோன்காரர்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகச் சொன்னது. அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968ல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டு, பின்னால் டேன்டீ என்ற அரசு நிறுவனம் ஆயின. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கங்களில் குடியமர்ந்தவர்கள் போக, ஊட்டியைச் சுற்றிய காய்கறித் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்களும் நிறைய. 1981 வரை நகரத்தின் எண் ஏறியதில் இவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் கருத்து. அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் என் வகுப்பிலிருந்து திருப்பூருக்குப் போனவர்களில் பாதி.

'ஊட்டகமண்ட்' என்று மந்தின் பெயரால் அழைக்கப்பட்ட இந்த நகரத்தில் 2011ல் பழங்குடியினர் எவ்வளவு பேர் தெரியுமா? நூற்றுக்கு 0.30, அதாவது ஏறக்குறைய 265 பேர். பட்டியல் சாதியினர் கிட்டத்தட்ட 29 விழுக்காடு. கிறிஸ்தவர்கள் 21 விழுக்காடு, மாநில அளவில் அவர்கள் ஆறுதான். இங்கே எழுத்துப் பிழை எதுவும் இல்லை. தோடர்களின் மந்துகள் பெரும்பாலும் நகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கின்றன, அவர்களுடைய மொத்தத் தொகையே சுமார் இரண்டாயிரம்தான். படகர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கோரிக்கை நெடுங்காலமாக நிலுவையில் இருக்கிறது. எனவே யாராவது 'உள்ளூர்க்காரர் விழுக்காடு இவ்வளவு' என்று ஓர் எண்ணை உங்களிடம் நீட்டினால், யாரை உள்ளூர் என்று எண்ணினீர்கள் என்று முதலில் கேளுங்கள். 1822ஐக் கோடாக வைத்தால் ஒரு விடை, 1964ஐ வைத்தால் இன்னொரு விடை.

இப்போது வருகிறவர்கள் வேறு. தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளில், போனவர்கள் விட்ட இடத்தில், ஜார்க்கண்ட், அசாம், ஒடிசாக் குடும்பங்கள் இருக்கின்றன. ஓட்டல் சமையலறையிலும் கட்டட வேலையிலும் அதே கதை. கேரட் தோட்டத்தில் நள்ளிரவுக்கு மேல் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிழங்கு பிடுங்கும் கூட்டத்திலும் இந்திப் பேச்சு கேட்கிறது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு சிறுமி ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். ஜூனில் 'பேர் என்ன' என்றால் விழித்தவள், பொங்கலுக்குள் பக்கத்துப் பெஞ்சுப் பையனை 'டேய், தள்ளி உக்காருடா' என்று அதட்டினாள். அடுத்த ஜூனில் அவள் வரவில்லை; தோட்டம் மாறிவிட்டார்கள் என்றார்கள். இந்தக் குடும்பங்கள் தங்குமா, பருவத்துக்குப் பருவம் மாறுமா என்பதைப் பற்றி உறுதியாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. ரேஷன் கடையிலோ வாக்காளர் பட்டியலிலோ இவர்களைத் தேடினால் உண்மையான எண்ணிக்கைக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். தோட்டத்துக் கூலிப் பதிவில் தேடினால் குழந்தைகள் விடுபடுவார்கள்.

என் பதிலில் இருக்கும் பெரிய ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். மேலே உள்ள மக்கள்தொகை எண்களில் மிகப் புதியவையே 2011இன் எண்கள்தான். 2021ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அதன் பிறகு 'ஊட்டியின் இன்றைய மக்கள்தொகை' என்று இணையத்தில் நீங்கள் பார்க்கும் எந்த எண்ணும் பழைய வளர்ச்சி விகிதத்தை நீட்டிப் போட்ட கணக்குதான். அவற்றில் பல, 2001க்கும் 2011க்கும் இடையே எண் இறங்கியதையே கவனிக்காமல் ஏற்றிக்கொண்டே போகின்றன. கொரோனா காலத்தில் ஹட்டிகளுக்குத் திரும்பி, வீட்டிலிருந்தே கணினி வேலை பார்த்த பிள்ளைகளை நானே பார்த்தேன். சிலர் இன்னும் இருக்கிறார்கள். அது இறக்கத்தை நிறுத்தியதா என்பது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 ஆதார நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. மறுபடியும் சீசன் இல்லாத நேரம்தான். முடிவு வந்ததும் மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வீட்டுப் பட்டியலில் 'காலி', 'பூட்டியது' என்று எழுதிய வீடுகள் எத்தனை, ஆறு வயது வரையிலான குழந்தைகள் எத்தனை, கடைசியாக வாழ்ந்த இடம் வேறு மாநிலம் என்று சொன்னவர்கள் எத்தனை என்ற மூன்றையும் 2011இன் அட்டவணைகளோடு வைத்துப் பாருங்கள். நகராட்சிக்கு மட்டும் பார்க்காமல் கேத்தி, குன்னூர், கோத்தகிரிக்கும் சேர்த்துப் பாருங்கள். முதல் எண் ஏறி இரண்டாவது இறங்கியிருந்தால் பெர்ன்ஹில் சரிவில் நான் பார்த்தது ஊர் முழுவதும் பரவியிருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவதும் ஏறி, அந்தக் குழந்தைகளும் கணக்கில் ஏறியிருந்தால், ஜார்க்கண்ட் சிறுமி போன்றவர்கள் தங்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கொள்ளலாம்.